பெட்ரோல் வாடை வந்தால் போல்ட்டை இறுக்காதீர்கள்: ஃபியூவல் ரெயில் வேலைக்கு முதல்முறை இறங்குபவர்களுக்கு

போன கோடையில் சேலம் போய்விட்டுத் தருமபுரி திரும்பினேன். தொப்பூர் கணவாய் ஏறி வந்த சூட்டோடு வாசலில் வண்டியை நிறுத்தினால் பெட்ரோல் வாடை. பன்னிரண்டு வருடப் பெட்ரோல் கார். மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினேன். பானெட்டைத் திறந்து, ஃபியூவல் ரெயில் (இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு அதைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) போல்ட்டை ஒரு இழு இழுத்து, "நல்லா டைட் வச்சாச்சு" என்று அனுப்பிவிட்டார்கள். நான்கே நாளில் வாடை திரும்பி வந்தது. இனி நாமே அளவு பார்த்து இறுக்கிக்கொள்ளலாம் என்று இறங்கினேன். ஒரு மரை போனது, மூன்று வாரம் வண்டி நின்றது, நாலாயிரத்துக்கு மேல் செலவானது. கடைசியில் மாற்ற வேண்டியிருந்தது நாற்பது ரூபாய் ஓ-ரிங்.

எனக்கு அன்று தெரியாமல் போனது இதுதான். பெட்ரோல் வெளியே வராமல் அடைப்பது ஓ-ரிங்கும் வாஷரும். போல்ட் அவற்றைச் சரியான அளவுக்கு அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. கீழே இருக்கும் அலுமினிய மரைதான் போகும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சொந்தமாக வண்டி வேலை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக, நான் செய்து பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில், இது நீங்கள் செய்யக்கூடிய வண்டிதானா?

சி.என்.ஜி. வண்டி என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் குழாயிலும் இணைப்பிலும் அங்கீகாரம் பெற்ற மையத்தைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது. அந்த சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) செய்திருக்க வேண்டும். சான்றிதழின் தேதியை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

காமன் ரெயில் டீசல் வண்டிக்கும் இதே பதில்தான். அதன் உயர் அழுத்தக் குழாயில் 1,600 பார், சில இன்ஜின்களில் அதற்கும் மேலே, அழுத்தம் ஓடுகிறது. ஊசி முனை அளவு கசிவுகூடத் தோலைத் துளைத்து உள்ளே போகும். எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்தக் குழாய்களைக் கழற்றினால் புதிதாகத்தான் மாட்ட வேண்டும் என்று பல கம்பெனிகள் சொல்கின்றன. சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோலைத் தெளிக்கும் ஜி.டி.ஐ. வகைப் பெட்ரோல் இன்ஜினிலும் ரெயில் அழுத்தம் அதிகம், அதையும் விட்டுவிடுங்கள்.

வாரன்டி முடியாத வண்டியை சர்வீஸ் சென்டருக்கே ஓட்டிப் போங்கள்.

மிச்சம் இருப்பது சாதாரண எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் கார், அதாவது சிலிண்டருக்கு வெளியே, காற்று போகும் பாதையில் பெட்ரோலைத் தெளிக்கும் வகை. இதில் ரெயில் அழுத்தம் 3 முதல் 4 பார் வரை. டயரில் நாம் அடிக்கிற காற்றே 2.2 பார் அளவுக்கு இருக்கிறது என்பதை வைத்து இதை ஊகித்துக்கொள்ளலாம். பொறுமையும் சரியான கருவியும் இருந்தால் முடிகிற வேலை.

2. ஸ்பேனரைத் தொடும் முன் காகிதம்

ஆர்.சி. நகலை எடுத்து வையுங்கள். டிஜிலாக்கரில் இருந்தாலும் போதும். அதிலிருந்து நான்கு விஷயம் வேண்டும்: இன்ஜின் எண், சேசிஸ் எண், தயாரித்த மாதமும் வருடமும், பி.எஸ்.4 வண்டியா பி.எஸ்.6 வண்டியா என்பது. ஒரே பெயரில் விற்ற காரிலேயே வருடம் மாறினால் இன்ஜின் மாறியிருக்கும், ரெயில் மாறியிருக்கும், டார்க் அளவும், அதாவது போல்ட்டை எவ்வளவு விசையோடு முறுக்க வேண்டும் என்ற எண்ணும், மாறியிருக்கும். "இந்த வண்டிக்கு எவ்வளவு டார்க்?" என்று கேட்டு யாரோ சொன்ன எண்ணை நம்பி இறங்காதீர்கள்.

வண்டி வாங்கும்போது கொடுத்த ஓனர்ஸ் மேனுவலில் இந்த அளவுகள் இருக்காது. வீல் நட்டுக்கு இருக்கலாம், ஃபியூவல் ரெயிலுக்கு இருக்காது. தேவைப்படுவது ஒர்க்‌ஷாப் மேனுவல், அதாவது மெக்கானிக்குகளுக்குக் கம்பெனி கொடுக்கிற தடித்த புத்தகம். சர்வீஸ் சென்டரில் ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் சேசிஸ் எண்ணைக் கொடுத்து மரியாதையாகக் கேட்டால் எண்ணைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இரண்டாவது தடவை போனபோதுதான் கிடைத்தது. திங்கட்கிழமை காலையிலும் சனிக்கிழமையிலும் போகாதீர்கள். வார நடுவில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனால் நின்று பேச அவர்களுக்கு நேரம் இருக்கும். எண்ணை மட்டும் குறிக்காமல் எந்த போல்ட், என்ன அலகு, போல்ட் புதிதாக மாற்ற வேண்டுமா, மரையில் எண்ணெய் தடவலாமா கூடாதா என்று நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அலகுதான் பெரிய கண்ணி. 10 நியூட்டன் மீட்டர் என்பது சுமார் 1.02 கிலோகிராம்-மீட்டர் (kgf·m, தூரம் அளக்கிற கிலோமீட்டர் இல்லை); அதுவே 102 கிலோகிராம்-சென்டிமீட்டர்; அதுவே 88.5 இன்ச் பவுண்டு, அதுவே 7.4 ஃபுட் பவுண்டு. இன்ச் பவுண்டில் எழுதிய 88-ஐ ஃபுட் பவுண்டு என்று நினைத்து ரெஞ்சில் வைத்தால் பன்னிரண்டு மடங்கு இழுப்பீர்கள். எண்ணெய் தடவுவதும் சின்ன விஷயம் இல்லை. நாம் போடுகிற டார்க்கில் பெரும்பகுதி உரசலுக்கே போய்விடுகிறது, பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மரையில் எண்ணெய் பட்டால் உரசல் குறைந்து, அதே எண்ணில் போல்ட் அதிகமாக இழுபடும். மேனுவல் சொல்லாமல் தடவ வேண்டாம்.

கிடைத்த எண் நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தலையில் 8.8 என்று பொறித்த எம்6 போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவிலும், எம்8 போல்ட்டுக்கு 25 அளவிலும் வரும். அலுமினியத்தில் இறங்கினால் பெரும்பாலும் இன்னும் குறைவு. இந்தப் பொது அளவை வைத்து இறுக்காதீர்கள். சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எம்6 போல்ட்டுக்கு யாராவது 40 என்று சொன்னால் எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று புரிந்துவிடும்.

3. சின்ன டார்க் ரெஞ்ச்

நான் கெட்டது இங்கேதான். என் வண்டி ரெயில் போல்ட் எம்6, அளவு 11 நியூட்டன் மீட்டர். கையில் இருந்தது வீல் நட்டுக்காகத் தெரிந்தவரிடம் கடன் வாங்கிய அரை இன்ச் ரெஞ்ச். அதன் அளவு 28-இல் தொடங்கி 210 வரை போகிறது. 28-இல் வைத்து மெதுவாக இழுத்தால் கிளிக் கேட்கும் முன்பே நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவு நீளமான கைப்பிடியில் சின்ன போல்ட்டின் இறுக்கம் கைக்குத் தெரியவே தெரியாது. முதலில் கொஞ்சம் பிடித்தது, பிறகு வெண்ணெயில் சுற்றுவது போல லேசாகிவிட்டது. கழற்றிப் பார்த்தால் போல்ட்டைச் சுற்றி வெள்ளைக் கம்பிச் சுருள் போல அலுமினிய மரை அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

லேத் பட்டறை அண்ணன் அதை நகத்தால் உரித்துக் காட்டி, "தம்பி, பத்துக்குள்ள அடங்குற போல்ட்டுக்கு இருநூறு ரெஞ்ச் எடுத்துட்டு வந்தா அது என்ன பண்ணும்?" என்றார். துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, எஃகுச் சுருள் மரை இறக்கிக் கொடுத்தார். அதற்கு அறுநூறு ரூபாய். அலுமினியத் தூள் இன்ஜினுக்குள் விழாமல் இருக்க இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டையே கழற்றிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கேஸ்கெட், கழற்றி மாட்டும் கூலி எல்லாம் தனி.

நீங்கள் வாங்க வேண்டியது கால் இன்ச் டிரைவ், 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை உள்ள கிளிக் வகை ரெஞ்ச். நான் 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். இதைவிட மலிவாகவும் கிடைக்கிறது, இரண்டு மடங்கு விலையிலும் கிடைக்கிறது. உங்கள் வேலைக்கான எண் ரெஞ்ச் அளவின் நடுப்பகுதியில் விழ வேண்டும். 25 வேண்டும் என்றால் 25-இல் முடிகிற ரெஞ்சை வாங்காமல் அடுத்த அளவுக்குப் போங்கள்.

தருமபுரி டவுன் ஹார்டுவேர் கடைகளில் பெரிய ரெஞ்ச் கிடைத்துவிடும், சின்னதைச் சொல்லி வைத்து வரவழைக்க வேண்டியிருக்கும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஓசூர் பக்கம். தொழிற்பேட்டை ஊர் என்பதால் கருவிக் கடைகள் அதிகம். பெங்களூர் போகிறவர்கள் எஸ்.பி. ரோட்டில் கையில் பிடித்துப் பார்த்தே வாங்கலாம். பெட்டிக்குள் அளவுச் சான்றிதழ் இருக்கிறதா, அதில் உள்ள வரிசை எண் ரெஞ்சில் பொறித்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 6789 தரப்படி 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட ரெஞ்சில் கூட்டியோ குறைத்தோ 4 சதவீதம் வரை பிழை இருக்கலாம்.

பழைய ரெஞ்சைக் கடன் வாங்கினால் வீட்டிலேயே தோராயமாகச் சோதிக்கலாம். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் கவ்வி, கைப்பிடி தரைக்கு நேர் மட்டமாக நிற்கும்படி வையுங்கள். சதுர முனையின் மையத்திலிருந்து கைப்பிடியின் பிடிக்கோடு (கையால் பிடிக்க வேண்டிய இடத்தின் நடு) வரை அளந்து பாருங்கள். 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் கேனை மளிகைக் கடைத் தராசில் சரியாக 5 கிலோவுக்கு நிரப்பிப் பிடிக்கோட்டில் தொங்கவிட்டால் அங்கே 9.8 நியூட்டன் மீட்டர். ரெஞ்சை 9-இல் வைத்தால் கிளிக் ஆக வேண்டும், 11-இல் வைத்தால் ஆகக் கூடாது. இதில் தேறாத ரெஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். டார்க் ரெஞ்சால் போல்ட்டைக் கழற்றாதீர்கள். வேலை முடிந்ததும் அளவைக் கடைசிக் கோட்டுக்கு இறக்கி வையுங்கள், இல்லையென்றால் உள்ளே ஸ்பிரிங் களைத்துப் போகும்.

4. ஓ-ரிங், வாஷர்: பிரிக்கும் முன்பே வாங்குங்கள்

பிரித்துப் போட்டுவிட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடினால், "ஜெனியூன் நாளைக்குத்தான் வரும்" என்பார்கள். பழையதையே திரும்பப் போடும் ஆசை அப்போதுதான் வரும். சேசிஸ் எண்ணைச் சொல்லி முன்கூட்டியே ஆர்டர் கொடுங்கள். எனக்கு நான்கு நாள் ஆனது. ஒரு இன்ஜெக்டருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. நான்கு சிலிண்டர் என்றால் எட்டு. பேஞ்சோ போல்ட் (நடுத் துளை வழியே பெட்ரோல் போகும் போல்ட்) இருக்கும் வண்டிக்கு இரு பக்கமும் காப்பர் அல்லது அலுமினிய வாஷர்; அது ஒருமுறை நசுங்கினால் முடிந்தது, திரும்பப் போடக் கூடாது. பம்ப்பைத் திறப்பதாக இருந்தால் அதன் கேஸ்கெட்டும் புதிது.

தண்ணீர் மோட்டார் கடையில் அதே சைஸ் ஓ-ரிங் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும். வேண்டாம். பெட்ரோல் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடும். டெஃப்லான் டேப், ஷெல்லாக், எம்-சீல் எதுவும் இந்த இடத்தில் கூடாது. பில்லில் பார்ட் நம்பர் எழுதி வாங்கி, ஆர்.சி. நகலோடு சேர்த்து வையுங்கள்.

5. இடமும் நேரமும்

விடியற்காலை. இரவு முழுக்க நின்று ஆறிய இன்ஜின். டேங்கில் கால்வாசிக்கும் குறைவான பெட்ரோல். நம்மூர் சித்திரை, வைகாசி வெயிலில் பத்து மணிக்கு மேல் பெட்ரோல் ஆவியாகிற வேகமே வேறு.

மூடிய ஷெட்டில் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போகும். வாசலில் வேலை பார்க்கும்போது உள்ளே அடுப்பு எரிந்தாலோ பூஜை விளக்கு இருந்தாலோ அது அங்கே போய்ச் சேரும். எனவே வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். திறந்த களம் அல்லது காலி மனை இருந்தால் அங்கே போய்விடுவது நல்லது. பட்டறையில் தொங்கவிடுகிற குண்டு பல்பு விளக்கு வேண்டாம். கீழே விழுந்து உடைந்தால் அந்த இழையே போதும் தீப்பிடிக்க. எல்.இ.டி. டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் சட்டைக்குப் பதில் பருத்தி.

ஒரு கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் கைக்கு எட்டுகிற தூரத்தில், முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து வையுங்கள். எனக்கு 850 ரூபாய் ஆனது. பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, பரவிவிடும். தனியாகச் செய்யாதீர்கள். ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். 101-ஐயும் 112-ஐயும் அவருக்கும் சொல்லி வையுங்கள்.

6. அழுத்தத்தை இறக்குதல்

பெட்ரோல் மூடியைத் திறந்து டேங்க் காற்றை விட்டு மூடுங்கள். ஃபியூஸ் பாக்ஸில் ஃபியூவல் பம்ப் ரிலே அல்லது ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ரெயிலில் மிச்சமிருப்பதை எரித்துவிட்டு இன்ஜின் தானே நிற்கும். இன்னும் இரண்டு தடவை, இரண்டு மூன்று விநாடி செல்ஃப் அடியுங்கள். சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். இவ்வளவு செய்த பிறகும் குழாயில் கொஞ்சம் பெட்ரோல் இருக்கும். இணைப்பைத் துணி சுற்றித் திறக்க வேண்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். வழிந்ததைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடியுள்ள உலோக டப்பாவில் பிடியுங்கள்.

7. கழற்றுவது

கழற்றும் முன் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ்ஷால் தட்டி ஊதிவிடுங்கள். கல் குவாரி ரோட்டிலும் மாந்தோப்பு மண் பாதையிலும் ஓடுகிற வண்டிகளில் இன்ஜெக்டர் குழியில் ஒரு கைப்பிடி மண்ணே இருக்கும். அது உள்ளே விழுந்தால் வால்வு கெடும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் நட்டைத் திருப்பும்போது ஒரு ஸ்பேனரால் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் திருப்புங்கள், குழாய் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கும். பிளாஸ்டிக் கிளிப் இணைப்பு இருந்தால் இழுக்காதீர்கள். கிளிப்பை அமுக்கிக்கொண்டு முதலில் உள்ளே தள்ளி, பிறகு வெளியே எடுக்க வேண்டும்.

8. இறுக்குவது

புது ஓ-ரிங்கில் சுத்தமான இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு தடவி இன்ஜெக்டரில் ஏற்றுங்கள், மேனுவல் வேறு ஏதாவது சொன்னால் அது. மரையில் மட்டும் எண்ணெய் படக் கூடாது. ரெயிலை உட்கார வைத்துக் கையாலேயே அமுக்கிவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டரையும் இரு விரலால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். வழுவழுவென்று சுற்ற வேண்டும். ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டு சுற்ற மறுத்தால் அதன் ஓ-ரிங் மடங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறது. என் வண்டியில் மூன்றாவது இன்ஜெக்டர் அப்படித்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தபோது ஓரத்தில் பிளேடால் சீவியது போல ஒரு வெட்டு. இப்படியே போல்ட்டை இறுக்கியிருந்தால் அடுத்த தொப்பூர் பயணத்தில் மறுபடி வாடை. இந்த விரல் சோதனை அரை நிமிடம்கூட ஆகாது. டார்க் ரெஞ்சைவிட இதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

அடுத்து போல்ட். எல்லாவற்றையும் வெறும் விரலால் ஏற்றுங்கள். கடைசி இரண்டு சுற்று வரை விரலாலேயே ஏற வேண்டும். இடையில் பிடித்தால் மரை குறுக்காக ஏறுகிறது என்று பொருள்; பின்னால் திருப்பி எடுத்து, ஒரு சின்னத் தட்டு உணர்கிற வரை இடப்பக்கம் சுற்றி, அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள். பிறகு டார்க் ரெஞ்சைச் சொன்ன எண்ணில் பாதிக்கு வைத்து, மாற்றி மாற்றி எல்லாப் போல்ட்டும். பிறகு முழு எண்ணுக்கு அதே வரிசை. ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ரெயில் சாய்ந்து உட்காரும். பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் பம்ப் மூடியில் வட்டமாகப் போல்ட்டுகள் இருந்தால், எதிரெதிராக நட்சத்திர வரிசையில் போக வேண்டும்.

ரெஞ்சைக் கைப்பிடியின் நடுவில் பிடித்து, வெட்டி இழுக்காமல் ஒரே சீராக இழுங்கள். முதல் கிளிக்கோடு நிறுத்துங்கள். சின்ன ரெஞ்சில் கிளிக் சத்தம் மெல்லியது, கையில் ஒரு சின்ன உதறலாகத்தான் தெரியும். ரேடியோவை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். நிச்சயப்படுத்திக்கொள்ள என்று இரண்டு மூன்று தடவை கிளிக் செய்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடும். இறுக்கி முடித்த போல்ட்டின் தலையிலிருந்து ரெயில் வரை நகச்சாயத்தால் ஒரு கோடு போட்டுவிட்டால் எது முடிந்தது என்ற குழப்பமே வராது; பிறகு போல்ட் அசைந்தாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

நேரான எக்ஸ்டென்ஷன் போட்டால் எண்ணை மாற்ற வேண்டாம். குழாய் நட்டுக்காக ரெஞ்சின் முனையில் மாட்டுகிற காக்கைக்கால் (திறந்த வாய்) ஸ்பேனர் ரெஞ்சின் நீளத்தைக் கூட்டுவதால் எண்ணைக் குறைக்க வேண்டும். ரெஞ்ச் 25 சென்டிமீட்டர், முன்னால் நீட்டியது 2.5 சென்டிமீட்டர் என்றால், 12 வேண்டிய இடத்தில் 12 பெருக்கல் 25 வகுத்தல் 27.5, அதாவது 10.9-இல் வையுங்கள். ரெஞ்சுக்குச் செங்குத்தாகத் திருப்பி மாட்டினால் இந்தக் கணக்கு தேவையில்லை.

9. கசிவு பார்த்தல்

ரிலேயையும் பேட்டரியையும் மாட்டுங்கள். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆனில் வையுங்கள். பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும் சத்தம் கேட்கும். மூன்று தடவை இப்படிச் செய்து அழுத்தம் ஏற்றிவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். ஈரம் இல்லை என்றால் மட்டும் ஸ்டார்ட். ஐந்து நிமிடம் ஐடிலிங், மறுபடி டிஷ்யூ. முதல்முறை செய்கிறவர்களுக்குத் தொடக்கத்திலிருந்து இங்கே வர நான்கு மணி நேரம் ஆகும். எனக்கு இரண்டாவது தடவை ஒன்றரை மணி நேரம் போதுமாக இருந்தது.

அன்றைக்கே நீண்ட பயணம் வேண்டாம். ஊருக்குள் பத்து கிலோமீட்டர், பிறகு இன்ஜின் ஆறியதும் ஒரு பார்வை. மறுநாள் நெடுஞ்சாலை 44-இல் கிருஷ்ணகிரி வரை போய் வந்து, சூடாக இருக்கும்போதே வாடை பாருங்கள், நகச்சாயக் கோட்டையும் பாருங்கள். ஈரமோ வாடையோ இருந்தால் கால் சுற்றுகூட இறுக்காதீர்கள். மறுபடி அழுத்தத்தை இறக்கி, திறந்து, ஓ-ரிங்கையும் அது உட்காரும் பரப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பரப்பில் நகம் மாட்டுகிற கோடு இருந்தால் புது ஓ-ரிங் போட்டாலும் நிற்காது, அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். அதுவரை வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், டோ செய்தே பட்டறைக்கு அனுப்புங்கள். போகும்போது உங்கள் கையால் எழுதிய டார்க் எண்ணையும் பார்ட் நம்பர் உள்ள பில்லையும் கொடுத்து, அந்த எண்ணை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.